ஒத்திகையில் இல்லாத பூட்டு

ஏனுங்க தம்பி, அந்தச் சுருட்டி வெச்சிருக்கறது மேல சாஞ்சுறாதீங்க. ஏதோ காலண்டர்னு நெனச்சுட்டீங்களாக்கும். காலண்டர் இல்லீங்க, அது எங்க கம்பெனியோட ஸ்ட்ராட்டஜி. இப்படிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறன். காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து புடிச்சுட்டேதான் வர்றன். சித்தநேரம் கண்ணசந்தன், அதுக்குள்ள உங்க பக்கம் உருண்டு வந்துருச்சு.

நீங்க சேலமுங்களா? நானும் சேலந்தான். அங்க எறங்கி ஏற்காடு. சுத்திப் பாக்கறதுக்கு இல்லீங்க, கிளாசுக்குப் போறன். ஐம்பத்தாறு வயசுல என்ன கிளாசுன்னு கேக்கறீங்க, முகத்துலயே தெரியுது. எங்கூட்டுலயும் அதைத்தான் கேட்டாங்க. "கல்யாணத்துக்கு நிக்கற புள்ளைய வெச்சுட்டு நீங்க நோட்டுப் புஸ்தகம் தூக்கிட்டுப் போறீங்களே"ன்னு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஆளுங்க பாக்க வர்றாங்க. காலையில வர்றாங்களாம். நான் மத்தியானத்துக்குள்ள திரும்பிருவன்னு சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கறன். தொழில்னு ஒண்ணு இருக்குதில்லீங்க.

என்ற பேரு தெய்வசிகாமணி. கணபதியில கிரைண்டர் கம்பெனி. கம்பெனி பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது, உங்கம்மாவுக்குத் தெரியும். எங்கப்பாரு ஆரம்பிச்சது. வீட்டு கிரைண்டரு, ஓட்டலுக்குப் பெரிய கிரைண்டரு, ரெண்டும் போடறோம். மொத்தமே ஒம்பது பேருதான் வேலைக்கு. ஒம்பது பேருக்கு எதுக்குடா ஸ்ட்ராட்டஜின்னு நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சனுங்க. நெனச்சது தப்பு. அந்தத் தப்பத் திருத்துனது எங்க சாரு.

சாரு யாருன்னா, கிளாஸ் எடுக்கறவரு. கோட்டு போட்டுட்டுத்தான் பேசுவாரு, வெயில் காலத்துலயும் கழட்ட மாட்டாரு. மொத லெவல் கோயமுத்தூர்லயே ஒரு பெரிய ஓட்டல்ல வெச்சாரு. "உன்ற ஸ்ட்ராட்டஜி உன்ற தலைக்குள்ள இருந்து என்ன பிரயோசனம்? உன்ற ஆளுங்க கையில எறங்கோணும்"னாரு. நான் எந்திரிச்சு நின்னு கை தட்டுனன். என்ன ஒரு வார்த்தைங்க! தலையில இருந்து கைக்கு. நோட்டுல எழுதிக் கட்டம் கட்டி வெச்சிருக்கறன்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டன், நம்ம ஒம்பது பேரையும் தயார் பண்ணிப்போடறதுன்னு. அதுக்கு ஒரு காரணமும் இருந்துச்சு. பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூருன்னு பதினாலு கிளை வெச்சிருக்கற இட்லிக்கடைக்காரரு ஒருத்தரு, முருகானந்தம்னு பேரு, அவரு எல்லாக் கிளைக்கும் புது கிரைண்டரு மாத்தறாருன்னு காதுல உழுந்துச்சு. போய்ப் பாத்தன். மனுசன் நேராப் பேசறவரு. "உங்க மெஷினு நல்ல மெஷினுதான். ஆனா நின்னு போனா என்ற கடையும் நின்னு போகும். மூணு மெஷினு போட்டு ஒரு மாசம் ஓட்டிக் காட்டுங்க. ரிப்பேர்னு போன் பண்ணுனா இருபத்துநாலு மணி நேரத்துல அது மறுக்கா சுத்தோணும். ஒருக்கா தவறுனாலும் மூணையும் வாசல்ல தூக்கி வெச்சுருவன். தவறலைன்னா பதினாலு கடையும் உங்களுக்குத்தான்"னாரு. எங்க கம்பெனி ரெண்டு வருசமா மூச்சு வாங்கிட்டுத்தான் கெடந்துச்சு தம்பி. இது வந்தா எந்திரிச்சு உக்காரும், இல்லைன்னா படுத்த படுக்கைதான். அதுதான் நெலவரம்.

வந்த ஒடனே இந்தச் சார்ட்டு அடிச்சன். இருங்க, விரிச்சுக் காட்டறன். அந்தப் பக்கம் புடிங்க. பாத்தீங்களா, மூணே வரி. ஒண்ணு, இருபத்துநாலு மணி நேரத்துல சர்வீஸ். ரெண்டு, யாரையும் கேட்டுட்டு நிக்காதே, நீயே முடிவெடு. மூணு, இது உன்ற கம்பெனி. கீழ இருக்கறது நான்தான். கோட்டு என்றது இல்லீங்க, போட்டோ ஸ்டுடியோவுல குடுத்தாங்க. படம் சித்தே பெருசாப் போயிருச்சு, அதனால எழுத்தக் குறைக்க வேண்டியதாப் போச்சு.

இதை லேமினேசன் பண்ணிக் கம்பெனியில மாட்டியாச்சு. அப்பறம் ஆளுக்கொரு பதவி. மெக்கானிக் ஆரோக்கியத்துக்குக் கஸ்டமர் மகிழ்ச்சி ஆபீசர். பேக்கிங் பண்றவனுக்கு டெலிவரி லீடர். கூட்டறம்மாவுக்குச் சுத்தம் லீடர். என்ற மச்சினன் லோகுவுக்கு ஸ்ட்ராட்டஜி ஹெட். எல்லாத்துக்கும் சட்டையில குத்தறதுக்கு பேட்ஜ் செஞ்சு குடுத்தன். ரெண்டு நாளு எல்லாரும் லீடராவே சுத்திட்டிருந்தாங்க, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட ஆளில்ல. நானே ஒட்டுனன். ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்னு சாரு சொல்லியிருந்தாரு.

தெனம் காலையில வரிசையில நின்னு மூணு வரியும் சத்தமாச் சொல்லோணும், சொல்லி முடிச்சதும் மூணு கை தட்டு. பக்கத்து லேத்து பட்டறைக்காரனுங்க டீ கிளாசோட வந்து நின்னு பாப்பானுங்க. கோயமுத்தூர்க் குசும்பு தெரியுமில்லீங்க? "ஏனுங்ணா, பிரசாதம் எப்பத் தருவீங்க"ம்பானுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு உட்டுட்டன்.

அந்த ஒம்பது பேருல மயிலாத்தான்னு ஒருத்தி. இவளத்தான் சொல்லோணும் உங்களுக்கு. இருவத்திரெண்டு வருசமா இருக்கறா. மோட்டாருக்குக் காயில் சுத்த வந்தவ, பொறவு மெஷினு மாட்டற வேலை மொத்தமும் கத்துக்கிட்டா. மெஷினு ஓடற சத்தத்தக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிப்போடுவா. கை சுத்தம். நெம்பப் பொறுமை. ஆனா ஒரு கெரகம் பாருங்க, நெகட்டிவ். சாரு சொல்லியிருந்தாரு, எந்த டீமா இருந்தாலும் ஒரு நெகட்டிவ் இருக்கும், மொத நாளே கண்டுபுடிச்சுருங்கன்னு. மொத நாளே தெரிஞ்சு போச்சு.

நான் சார்ட்டப் பத்தி ஒரு மணி நேரம் பேசி முடிச்சு, யாருக்காச்சும் சந்தேகம் இருக்குதான்னு கேட்டன். யாரும் கேக்கலீங்க. இவ மட்டும் கையத் தூக்குனா.

"அண்ணா, நீங்க ஊர்ல இல்லாதப்ப சாமான் அலமாரிச் சாவி யாருகிட்டங்க இருக்கும்?"

பாத்தீங்களா? நான் கம்பெனியோட எதிர்காலத்தப் பத்திப் பேசிட்டிருக்கறன், இவ சாவியக் கேக்கறா. "மயிலாத்தா, பாசிட்டிவாக் கேள்வி கேட்டுப் பழகு"ன்னு சொல்லி, சாரு குடுத்த பாரத்துல நெகட்டிவ்னு இருக்கற கட்டத்துல அவ பேர எழுதி வெச்சன்.

அந்தச் சாவி சமாச்சாரம் உங்களுக்குச் சொல்லோணும். பெல்ட்டு, பேரிங், கண்டென்சரு எல்லாம் ஒரு தேக்கு அலமாரிக்குள்ள இருக்குதுங்க. எங்கப்பாரு போட்டோவுக்கு நேர் கீழ. பித்தளைப் பூட்டு, திண்டுக்கல்லுல வாங்குனது. தெனம் நான் குளிச்சு, விளக்குப் போட்டு, கம்பெனிக்கு வந்து, சாவிய எங்கப்பாரு போட்டோவுல தொட்டுக் கும்புட்டு, அப்பறந்தான் தொறப்பன். அன்னைக்கு என்ன வேணுமோ எண்ணிக் குடுத்துட்டுப் பூட்டிருவன். நான் வெளியூரு போனா சாவியும் வெளியூரு போயிரும். அது வழக்கம். எங்கப்பாரு இடுப்புல இருந்துச்சு, இப்ப என்ற சட்டைப் பையில இருக்குது. மூணாவது ஆளு கை அதுல பட்டதில்லீங்க. வெள்ளையடிக்கறப்பக் கூட அந்த அலமாரிய நகத்த மாட்டோம்.

பூட்டு எப்ப வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, முப்பத்தொரு வருசம் முன்னால. ஒரு பேரிங் டப்பா, முழு டப்பா, காணாமப் போச்சுங்க. அன்னைக்கு மயிலாத்தாளோட அப்பன் மாரப்பன்தான் பேக்கிங்ல இருந்தான். யாரும் அவன ஒரு வார்த்தை கேக்கலீங்க, அதைச் சொல்லிப்போடறன். எங்கப்பாரு அப்படிப்பட்ட ஆளே இல்ல. சத்தமில்லாமத் திண்டுக்கல் போனாரு, பூட்டு வாங்கிட்டு வந்தாரு, எல்லாரும் இருக்கறப்ப மாட்டுனாரு, அவ்வளவுதான். மாரப்பன் ரெண்டு வருசம் தலை நிமுராம வேலை செஞ்சான், அப்பறம் நின்னுட்டான். போன வருசம் தவறிட்டான். நான் மாலை போட்டுட்டு வந்தன்.

சரி, அதை உடுங்க. தயார் பண்ணுனத சொல்லிட்டு வர்றன். ஒத்திகை வெச்சனுங்க, ஒத்திகை. சாரு சொன்ன முறை. மச்சினன் லோகு வேட்டி கட்டிட்டு இட்லிக்கடைக்காரரா வந்து, "ஐயோ, கிரைண்டரு நின்னு போச்சே"ன்னு கத்துவான். அவனுக்கு அது நல்லா வந்துச்சு, வேற எதுவும் வரலைன்னாலும். ஆரோக்கியம் போனை எடுத்து நேரத்தக் குறிப்பான். மயிலாத்தா என்ன சாமான் வேணும்னு சொல்லுவா. அலமாரிகிட்ட ஓடுவா. மொத நாளு அங்க போய் நின்னுட்டா.

"என்ன நின்னுட்டே?"

"பூட்டியிருக்குதுங்ணா."

"சாவி இருக்கற மாதிரி நெனச்சுக்க. தொறந்த மாதிரி பண்ணு. டைம் ஓடுதில்ல!"

அவளும் வெறுங்கைய இப்படித் திருகி, காத்துல கதவத் தொறந்து, காத்துல பேரிங் எடுத்து, ஆரோக்கியத்துகிட்டக் குடுப்பா. அவன் அதப் பைக்குள்ள போட்டுட்டு ஓடுவான். முப்பத்திரெண்டு தடவை ஒத்திகை பாத்தோமுங்க. கடைசியில எல்லாத்தையும் நாலு நிமிசத்துல முடிச்சாங்க. நாலு நிமிசம்! ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்தன். முப்பத்திரெண்டு தடவையில ஒருக்காக் கூட பூட்டு ஒரு தடையா இருந்ததே இல்லீங்க.

முறுக்கு எடுத்துக்கோங்க. கூச்சப்படாதீங்க. எங்கூட்டுல சுட்டது. எங்க மெஷினுல அரைச்ச மாவுதான்.

மூணு மெஷினும் போட்டாச்சு, மாசம் ஓடுது. இருவத்தஞ்சு நாளு ஒரு கொறையும் இல்ல. அப்பப் பாத்து சாரு ரெண்டாவது லெவலு ஊட்டியில வெச்சாரு, ரெண்டு நாளு. போகாம இருக்க முடியுங்களா? அந்த லெவலுக்குத் தலைப்பே, "நீங்கள் இல்லாமல் உங்கள் கம்பெனி." முக்கியமான பாடமில்ல? லோகுவ இன்-சார்ஜா வெச்சுட்டுப் போயிட்டன். அங்க போன ஒடனே எல்லார் போனையும் ஒரு கூடையில வாங்கி வெச்சுட்டாரு. "உங்க டீம நம்புங்க"ன்னாரு. நான்தான் மொத ஆளாக் கூடையில போட்டன்.

சாவிங்களா? சாவி சட்டைப் பையில இருந்துச்சு. அத யாரும் கூடையில போடச் சொல்லலியே.

வியாழக்கெழம பொழுதோட மூணரைக்குப் பொள்ளாச்சிக் கடை மெஷினு நின்னு போச்சு. பேரிங். எங்க மெஷினு பேரிங் எங்கப்பாரு போட்ட அளவு, வெளிக்கடையில கெடைக்காது. மயிலாத்தா எனக்குப் போன் பண்ணியிருக்கறா. பத்தொம்பது தடவை. கூடைக்குள்ள அது அடிச்சுக்கிட்டே இருந்திருக்கும் போல. லோகுவக் கேட்டிருக்கறா. ஸ்ட்ராட்டஜி ஹெட்டு என்ன சொல்லியிருக்கறான்? "மாமா வரட்டும்." அவன்கிட்ட எனக்குப் புடிச்சதே அந்த ஒரு கொணம்தான்.

வெள்ளிக்கெழம காலையில மணியப் பாத்திருக்கறா, எட்டு. ஏழரை மணி நேரம் பாக்கி. கல்லு அறுக்கற மெஷின எடுத்திருக்கறா. சாமி போட்டோவக் கும்புட்டாளாம், எங்கப்பாரு போட்டோவையும் கும்புட்டாளாம், ஆரோக்கியம்தான் சொன்னான். மெஷினு ஒயரு எட்டலைன்னு நாலு பேரு சேந்து அலமாரிய முன்னால இழுத்திருக்கறாங்க. முப்பத்தொரு வருசமா அசையாத அலமாரி தம்பி! பூட்டை அறுத்துப்போட்டா. பித்தளைப் பூட்டு ரெண்டு துண்டு. பேரிங் எடுத்தா, பெல்ட்டு ஒண்ணு சேத்தி எடுத்தா, ஆரோக்கியத்தோட பொள்ளாச்சி பஸ் ஏறிட்டா. பன்னெண்டு மணிக்கு மெஷினு சுத்துது. இருபது மணி நேரம் முப்பது நிமிசம். முருகானந்தம் அவங்களுக்கு எல போட்டுச் சாப்பாடு போட்டு அனுப்பிச்சாராம்.

நல்லதுதானேன்னு சொல்றீங்க. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பூட்டைப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை கேக்கறீங்களா?

சனிக்கெழம வந்து பாக்கறன். அலமாரி அம்மணமா நிக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, பொய் சொல்லல. எங்கப்பாரு மறுக்கா ஒருக்கா செத்த மாதிரி இருந்துச்சு. ஆனா கோவத்தக் காட்டலீங்க. குத்தம் சொல்றதுக்கும் ஒரு முறை சொல்லிக் குடுத்திருக்கறாரு சாரு. மொதல்ல பாராட்டோணும், நடுவுல குத்தத்த வெக்கோணும், கடைசியில மறுக்கா பாராட்டோணும். எல்லாரையும் வரிசையில நிக்க வெச்சு அப்படியே பண்ணுனன்.

"மயிலாத்தா, உன்ற காயில் சுத்து நெம்ப நல்லா இருக்குது. எங்கப்பாரு பூட்டை அறுத்துப்போட்டே. உன்ற கையெழுத்தும் நல்லா இருக்குது."

அவ நிமிந்து பாத்தா. "அண்ணா, நீங்கதானுங்க சார்ட்டுல எழுதி வெச்சிருக்கறீங்க. யாரையும் கேட்டுட்டு நிக்காதேன்னு."

"கேட்டுட்டு நிக்காதேன்னா என்ன அர்த்தம்? எங்கிட்டக் கேட்டுப்போட்டு, அதுக்கப்பறம் யாரையும் கேக்காம செய்யோணும்!"

ஆரோக்கியம் சிரிச்சுட்டான். கஸ்டமர் மகிழ்ச்சி ஆபீசரு, அவனே மகிழ்ச்சியா இருந்தான். நான் அதைக் கண்டுக்கல. எங்கப்பாரு போட்டோ முன்னால நின்னு ஒரு மன்னிப்பு கேட்டுட்டாப் போதும், மறந்துரலாம்னு சொன்னன். வேற ஒண்ணும் கேக்கலீங்க நானு. பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டன்.

அவ போட்டோ முன்னால போனா. கேக்கப் போறான்னு நெனச்சன். முந்தானையில இருந்து ஒரு டப்பாவ எடுத்து விளக்குப் பக்கத்துல வெச்சா. பழைய டப்பா. எலி கடிச்சு, ஒட்டடை புடிச்சுப் போயி. அலமாரிக்கும் செவுத்துக்கும் நடுவுல உழுந்து கெடந்திருக்குது, முன்னால இழுத்தப்ப ஆப்பிட்டிருக்குது. பேரிங் டப்பா. முழு டப்பா. சீல் கூடப் பிரிக்கல.

"இது எங்கப்பன் எடுக்கலீங்ணா"ன்னா. அவ்வளவுதான். சட்டைக்கு மேல குத்தியிருந்த பேட்ஜைக் கழட்டி அந்த டப்பா மேல வெச்சா. செருப்ப மாட்டிட்டுப் போயிட்டா.

எடுத்தான்னு நாங்க எப்பத் தம்பி சொன்னோம்? அதையேதான் பொறத்தாலயே போயி வாசல்ல நின்னு சொன்னன். "மயிலாத்தா, உங்கப்பன யாரும் ஒண்ணும் சொல்லலியே!" அவ திரும்பிப் பாக்காமப் போயிட்டா. என்ன பேச்சுங்க இது? பூட்டுன்னா பூட்டு. அது யாரையும் சொல்றதில்ல. இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க, அந்த டப்பா முப்பத்தொரு வருசம் பத்திரமா இருந்துச்சில்ல? பூட்டு இல்லாம இருந்தா இருந்திருக்குமா?

அந்த வாரத்துக்குச் சிறந்த முதலாளி மனப்பான்மைக்கு ஒரு கப்பு வெச்சிருந்தன். அத லோகுவுக்குக் குடுத்தன். பூட்டைக் காப்பாத்தோணும்னு நெனச்ச ஒரே ஆளு. கை தட்டறதுக்கு ஏழு பேருதான் இருந்தாங்க, அதுலயும் ரெண்டு பேரு கை வரல. பதினஞ்சு நாளுக்குள்ள ஆரோக்கியம் போனான், பேக்கிங்காரன் போனான், கூட்டறம்மா கூடப் போயிட்டா தம்பி. மயிலாத்தாளச் சேத்தி எட்டு பேரு. இருவத்திரெண்டு வருசம் சோறு போட்ட எடத்த ஒரு நொடியில தூக்கிப் போட்டுட்டாங்க. எத்தனை சொல்லிக் குடுத்தன்! மூணாவது வரி என்ன? இது உன்ற கம்பெனி. சொந்தக் கம்பெனிய உட்டுட்டு எவனாச்சும் போவானா?

பெருந்துறை தாண்டிட்டமா? இன்னும் நேரமிருக்குது. மிச்சத்தையும் கேளுங்க.

மயிலாத்தா என்ன பண்ணுனா தெரியுமா? எங்க கம்பெனியில இருந்து ரெண்டு தெரு தள்ளி, ஒரு ஷெட்டு. கிரைண்டரு சர்வீஸ், எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் சரின்னு போர்டு. எதிர்த்த டீக்கடையில உக்காந்து பாத்தன். ஒருக்கா இல்ல, நாலஞ்சு தடவை போயிப் பாத்தன். வரிசையில நிக்கறது இல்ல, கை தட்டறது இல்ல, ஒரு ஒழுங்கு இல்ல. சாமானெல்லாம் தொறந்த ஸ்டேண்டுல கெடக்குது. பெல்ட்டெல்லாம் ஆணியில தொங்குது. போன் வருது, எவன் பக்கத்துல இருக்கறானோ அவன் எந்திரிச்சு, வேணுங்கறத எடுத்து, செவுத்துல சிலேட்டுல எழுதிட்டுப் போயிட்டே இருக்கறான். ஒரு பூட்டு இல்ல தம்பி! டீய அப்படியே வெச்சுட்டன். அப்பத்தான் ஒறைக்குது. இருபத்துநாலு மணி நேரம், கேட்டுட்டு நிக்கறதில்ல, அவிங்கவிங்க கம்பெனி. மூணு வரியும் என்றது! என்ற ஸ்ட்ராட்டஜி! அப்படியே வரி மாறாம அங்க ஓடுது. சாரு சொன்னது நூத்துக்கு நூறு நெசம், ஆளத் தயார் பண்ணுனா ஸ்ட்ராட்டஜி ஜெயிக்கும். ஜெயிச்சுருச்சு. கம்பெனிதான் என்றதில்ல.

முருகானந்தத்தப் போயிப் பாத்தன். "மாசம் முடிஞ்சுது, ஒருக்காவும் தவறல, பதினாலு கடைக்கும் எப்பப் போடட்டும்"னு கேட்டன். அவரு காபி சொன்னாரு. "மயிலாத்தாம்மாவக் கேட்டன். அண்ணன் மெஷினு நல்ல மெஷினுதானுங்க, தாராளமா வாங்குங்கன்னுதான் சொன்னாங்க. ஆனா பேரிங் உங்க அலமாரிக்குள்ள இல்ல இருக்குது? அடுத்த தடவை அறுக்கறதுக்கு அங்க ஆளில்லியே"ன்னாரு. வேற மெஷினு எடுத்துட்டாரு. வெளிய கெடைக்கற பேரிங் போட்ட மெஷினு. அதுக்கு சர்வீஸ் இவதான். போனது போச்சு. இப்ப எங்க கம்பெனியில லோகு, நானு, புதுசாச் சேத்துன ரெண்டு பேரு. காலையில கை தட்டு மட்டும் உடல.

அதனாலதான் ஏற்காடு. மூணாவது லெவல். ஆளுங்களுக்கு ஏன் முதலாளி மனப்பான்மை வர மாட்டேங்குதுன்னு அதுலதான் சொல்லித் தர்றாராம். வீட்டுப்பாடம் கூட அனுப்பியிருக்கறாரு, போன்ல. "உங்கள் கம்பெனியில் நீங்கள் கையை விட்டு இறக்க முடியாத ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள்." ரெண்டு நாளா யோசிச்சன் தம்பி, ஒண்ணும் தட்டுப்படல. நான்தான் எல்லாத்தையும் டீமு கையில குடுத்துட்டனே. கடைசியில இந்தச் சார்ட்டையே எடுத்துட்டு வந்துட்டன்.

இருங்க, போனு. எங்கூட்டுல.

ஆ, சொல்லு. பவானிகிட்ட வந்துட்டன். என்னது? கிரைண்டரா? எப்ப நின்னுச்சு? நாளைக்கு அவங்க வர்றப்பவா இது நிக்கோணும்! அரிசி எவ்வளவு ஊற வெச்சே? சரி சரி, வெசனப்படாதே. பெல்ட்டாத்தான் இருக்கும். கம்பெனியில பெல்ட்டு இருக்குது. நான் நாளைக்கு மத்தியானம் வந்து தொறந்து… என்ன? ஓடுதா? யாரு வந்தா? யாரச் சொன்னே?

ம்.

ம். எத்தனை நிமிசத்துல? …பதினெட்டா?

என்ன சொன்னா? காசு வேண்டாம்னுட்டாளா? எதுக்காம்? "அண்ணன் ஊட்டு மெஷினு, நான் மாட்டுனது"ன்னா. ம். காபி குடுத்தியா? முறுக்குக் குடு. டப்பாவுல இருக்குது பாரு, அந்த எவர்சில்வர் டப்பாவுல. …வேண்டாம். இல்ல, போனைக் குடுக்க வேண்டாம். அவகிட்ட நான் என்ன பேசறது. அப்பறம் பேசிக்கறன். கேக்கல. இங்க டவர் இல்ல. கேக்கல, வெச்சுரு.

டவர் இல்லீங்க. உங்க போனுல முழுசா இருக்குதா? உங்களுது வேற கம்பெனியா இருக்கும்.

பதினெட்டு நிமிசம் தம்பி. நான் இருபத்துநாலு மணி நேரம்னுதான் எழுதி வெச்சன், இவ பதினெட்டு நிமிசத்துல பண்ணிப்போட்டா. யாரு பழக்குனது? நான் பழக்குனது. முப்பத்திரெண்டு ஒத்திகை. இருந்தாலும் என்னமோ ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. தண்ணி இருந்தா குடுங்க.

அவ நல்லவதான். அதை நான் எப்பவும் மறுக்கல. ஒரு வார்த்தை மன்னிப்புன்னு கேட்டிருந்தா எல்லாம் சரியாயிருக்கும். யாரு கேக்கோணுமா? என்ன தம்பி இது, பூட்டை அறுத்தது யாரு?

இந்தா வந்துட்டாரு பாருங்க, செக்கிங்காரரு. டிக்கெட் எங்கியோ வெச்சனே. இந்தப் பையில இல்ல. சார்ட்டைச் சித்தே புடிங்க. இந்தப் பையில… இதையும் புடிங்க. புதுப் பூட்டுச் சாவிங்க, போன வாரம் வாங்குனது, பழசை விடப் பெருசு. ரெண்டு சாவி குடுத்தாங்க. ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு இருக்கோணுமில்லீங்க, அதனால ரெண்டையும் நானே வெச்சிருக்கறன். இருங்க சார், இருங்க, டிக்கெட் இருக்குது. இந்தாங்க.

சாவியக் குடுங்க தம்பி. சார்ட்டு இருக்கட்டும், அது எங்கியும் போகாது. மொதல்ல சாவியக் குடுங்க.